துரத்தப்பட்டோர் திறந்த கதவு

வீடு என்றால் என்ன என்று வகுப்பிலே ஒரு நாள் கேட்டேன். சுவரும் கூரையும் என்றான் ஒரு மாணவன். சோறு கிடைக்கும் இடம் என்றான் மற்றொருவன். அம்மா இருக்கும் இடம் என்றாள் ஒரு சிறுமி. மூன்றும் சரியான விடைகளே. நான்காவது விடையொன்றும் உண்டு; அதை அன்று வகுப்பிலே கூறவில்லை, இங்கே கூறுகிறேன். "வெளியே போ" என்று நம்மை எவரும் சொல்ல முடியாத இடமே வீடு!

அந்த இடத்திலேயே "வெளியே போ" என்ற சொல்லைக் கேட்டவர்கள் உண்டு. திருடியதற்காக அல்ல, பொய் பேசியதற்காக அல்ல, எவரையும் துன்புறுத்தியதற்காகவும் அல்ல. ஆணாய்ப் பிறந்து ஆணை விரும்பினான் என்பதற்காக. பெண்ணைப் பெண் நேசித்தாள் என்பதற்காக. ஆண் என்று ஊர் சூட்டிய பெயரை உள்ளம் ஏற்க மறுத்து, "நான் பெண்" என்று உண்மை உரைத்ததற்காக! பதின்மூன்று வயதிலும் பதினைந்து வயதிலும் உடுத்த துணியோடு தெருவுக்குத் துரத்தப்பட்ட அந்தப் பிள்ளைகளின் வரலாற்றையே இங்கே எழுத முற்படுகிறேன். அழுகைக் கதையாக அல்ல. துரத்தப்பட்டவர்களே தமக்கொரு கதவைத் திறந்துகொண்ட வரலாறாக!

நடந்த இடம் அமெரிக்கா. வானைத் தொடும் மாளிகைகள் நிறைந்த நாடு. செல்வத்திலே திளைக்கும் நாடு. விடுதலைத் தேவிக்குச் சிலையெழுப்பிய நாடு. அந்தச் சிலையின் தீப்பந்தம் கப்பலில் வந்தோர்க்கெல்லாம் வழிகாட்டிற்று. சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சொந்த நாட்டுப் பிள்ளைக்கு மட்டும் அந்த ஒளி எட்டவில்லை!

ஏன் எட்டவில்லை? நான்கு பூட்டுக்கள் இருந்தன. குற்றம் என்றது சட்டம். நோய் என்றது மருத்துவம். பாவம் என்றது மதம். மானம் போயிற்று என்றது குடும்பம். 1961 ஆம் ஆண்டு வரையில், தன்பால் உறவைக் குற்றமெனக் கருதாத மாநிலம் அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டிலே இல்லினாய் மாநிலம் தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. அத்தகைய சட்டங்கள் நாடு முழுவதும் செல்லாதவை என்று உச்சநீதிமன்றம் உரைக்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. மனநோய்ப் பட்டியலிலே இருந்த பெயரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியது 1973 டிசம்பரிலே. ஆக, 1960 களில் தெருவுக்கு வந்த பிள்ளை, காவலரிடம் சென்றால் குற்றவாளி. மருத்துவரிடம் சென்றால் நோயாளி. போதகரிடம் சென்றால் பாவி. வீட்டுக்குத் திரும்பினாலோ அடைத்த கதவு! எங்கே போவது?

சான்பிரான்சிஸ்கோ நகரின் நடுவிலே டெண்டர்லாயின் என்றொரு பகுதி. மலிவு விடுதிகள், மதுக்கடைகள், இரவெல்லாம் எரியும் விளக்குகள். வேறெங்கும் வேலை கிடைக்காதோர், வேறெங்கும் அறை கிடைக்காதோர், இறுதியில் வந்து ஒதுங்கும் கரை அது. திருநங்கையர்க்கு அலுவலகத்தில் இடமில்லை, கடையில் இடமில்லை. தெருமுனையில் இடமுண்டு, சிறையில் இடமுண்டு! வீட்டை விட்டு விரட்டப்பட்ட இளைஞர்கள் அங்கே உடலை விற்று உணவு வாங்கினர். நகரத்துப் பெரியோர் கண்ட காட்சி இதுதான்: "ஒழுக்கமற்ற கூட்டம்!" கூட்டம் ஏன் அங்கே வந்தது என்று கேட்டோர் மிகச் சிலர்.

கேட்டவர்களுள் முதன்மையானோர், அந்தத் தெருவிலேயே நின்ற இளைஞர்கள். 1965 ஆம் ஆண்டிலே அவர்கள் 'வான்கார்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினர். முன்னணிப்படை என்று பொருள். தெருப்பிள்ளைகள் தமக்கிட்டுக்கொண்ட பெயரைப் பாருங்கள்! கடைப்பட்டோர் என்று ஊர் கூறிற்று. முன்னணியினர் என்று அவர்கள் கூறிக்கொண்டனர். 1966 இல் அதன் தலைவனாய் விளங்கிய இளைஞன் ழான் பால் மாரா என்ற பெயரிலே இயங்கினான். பிரெஞ்சுப் புரட்சியைப் படித்தோர்க்கு அந்தப் பெயர் தெரியும். அவர்கள் ஏடொன்றையும் வெளியிட்டனர். தம்மைத் தெருவிலிருந்து 'பெருக்கித் தள்ளும்' காவல்துறைக்கு மறுமொழியாக, அந்த ஆண்டின் பிற்பகுதியில், துடைப்பங்களைக் கையிலேந்தி மார்க்கெட் தெருவைப் பெருக்கினர். "குப்பை நாங்கள் அல்ல, குப்பை எங்கள் துடைப்பத்துக்கு முன்னே கிடக்கிறது" என்பதே அந்த ஊர்வலத்தின் பொருள். கல்லெறியாமல், கடுஞ்சொல் கூறாமல், நகரத்தின் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்தனர்!

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம். டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கும் முனையிலே, இரவு முழுவதும் திறந்திருக்கும் காம்ப்டன் சிற்றுண்டிச்சாலை. ஒரு கோப்பைக் காப்பிக்குக் காசிருந்தால் சிறிது நேரம் குளிரிலிருந்து தப்பலாம். அதுவும் பொறுக்கவில்லை நிருவாகத்துக்கு. காவலரை அழைப்பது வழக்கமாயிற்று. ஜூலையிலேயே வான்கார்ட் இளைஞர்கள் கடைமுன் மறியல் செய்து பார்த்தனர், பயனில்லை. ஆகஸ்டு இரவொன்றிலே காவலர் ஒருவர் திருநங்கையொருவரின் கையைப் பற்றி இழுத்தார். அவர் கையிலிருந்த காப்பி காவலரின் முகத்தில் பாய்ந்தது! கோப்பைகள் பறந்தன, தட்டுக்கள் பறந்தன, சர்க்கரைக் குப்பிகள் கண்ணாடிச் சன்னல்களை உடைத்தன. கைத்தறியிலோ ஆலையிலோ அல்ல, காப்பிக் கடையிலே பிறந்த கிளர்ச்சி! நியூயார்க்கின் புகழ்பெற்ற ஸ்டோன்வால் கிளர்ச்சிக்கு மூன்றாண்டு முன்னர் நிகழ்ந்த இதை, நாளேடுகள் பதிவு செய்யவில்லை. எந்தத் தேதி என்பதுகூட மறைந்துபோயிற்று. பல்லாண்டு கழித்து வரலாற்று ஆய்வாளர் சூசன் ஸ்டிரைக்கர் தேடியெடுத்து, 2005 இல் ஆவணப்படமாகவும் ஆக்கியதால் இன்று நாம் அறிகிறோம். ஏழையின் கிளர்ச்சிக்குத் தேதி குறிப்போர் இல்லை என்பது வரலாற்றின் பழைய வழக்கம்!

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் கூற வேண்டும். பகுத்தறிவு பேசும் நாம், நமக்கு வேண்டிய சான்றை மட்டும் எடுத்து வேண்டாததை விட்டுவிடுவோமானால், நாம் வெறுக்கும் புராணிகனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? வான்கார்ட் இளைஞர்களுக்குக் கூடிப் பேச இடந்தந்தது ஒரு தேவாலயம். டெண்டர்லாயினிலுள்ள கிளைடு நினைவு மெதடிஸ்ட் தேவாலயம். அங்கே 1963 முதல் பணியாற்றிய கறுப்பினப் போதகர் செசில் வில்லியம்சும் அவருடைய தோழர்களும், பாவிகளென்று பிறர் ஒதுக்கியோரைப் பசித்தோர் என்று கண்டனர். மதத்தின் பெயரால் பிள்ளையைத் துரத்தினாள் ஒரு தாய். மதக்கூடத்திலேயே அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டார் ஒரு போதகர். இரண்டும் நடந்தன. இதிலிருந்து நான் கொள்ளும் பாடம்: மனிதரைக் காத்தது வேதத்தின் வரியன்று. அந்த வரி துரத்திய வீட்டிலும் இருந்தது, சோறிட்ட கூடத்திலும் இருந்தது. காத்தது, எதிரே நிற்பவன் மனிதன் என்று கண்ட கண்! அந்தக் கண் எவரிடம் இருந்தாலும் வணங்கத்தக்கது, எவரிடம் இல்லாவிடினும் கண்டிக்கத்தக்கது, பகுத்தறிவாளனிடமே இல்லாவிடினும்!

1967 கோடையிலே நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் சான்பிரான்சிஸ்கோவுக்குத் திரண்டு வந்தபோது, கிளைடு அமைப்பினர் முன்னின்று 'ஹக்கிள்பெரி' இல்லத்தைத் திறந்தனர். வீட்டை விட்டு ஓடிவந்த சிறார்க்கென்றே அந்நாட்டில் தோன்றிய முதல் புகலிடங்களுள் ஒன்று. அக்காலச் சட்டப்படி, வீட்டை விட்டு ஓடுவதே சிறார்க்குக் குற்றம்! அடித்த தந்தை வீட்டிலிருப்பார். அடிபட்ட பிள்ளை காவல்கூடத்திலிருப்பான். இந்த அநீதியை மாற்ற 1974 வரை ஆயிற்று. முந்திய ஆண்டு ஹூஸ்டன் நகரிலே இருபதுக்கும் மேற்பட்ட சிறுவர்களும் இளைஞர்களும் கொலையுண்டு புதைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டு நாடே நடுங்கிற்று. காணாமற்போன பிள்ளைகளை "ஓடிப்போனவர்கள்" என்று எழுதிவைத்து ஏட்டை மூடிவிட்ட காவல்துறையின் மெத்தனம் அம்பலமாயிற்று. அதன் பின்னரே, 1974 இல், ஓடிவந்த சிறார்க்கான சட்டத்தை அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றியது. புகலிடங்களுக்கு அரசுப்பணம் வழங்கவும் வழி ஏற்பட்டது. 1977 இல் வீடற்ற இளைஞரும் சேர்க்கப்பட்டனர். சட்டம் வந்தது, ஆனால் பிணங்களுக்குப் பின்னே வந்தது!

இனி நியூயார்க்குக்குச் செல்வோம். 1969 ஜூன் 28 அதிகாலை, கிரீன்விச் வில்லேஜ் பகுதியிலே, கிறிஸ்டோபர் தெருவிலுள்ள ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவலர் புகுந்தனர், கூட்டம் திருப்பியடித்தது, கிளர்ச்சி சில நாட்கள் நீடித்தது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடைபெறும் பெருமித ஊர்வலங்களின் ஊற்று அதுவே. அந்த நாட்களின் கிளர்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் பெயர்கள் இரண்டு: மார்ஷா பி. ஜான்சன், சில்வியா ரிவேரா. அன்று அவர்கள் தம்மைக் குறிக்க வழங்கிய சொற்கள் வேறு. இன்று நம் மொழியிலே திருநங்கையர் என்போம்.

மார்ஷா, நியூஜெர்சியில் 1945 இல் பிறந்த கறுப்பினத்தவர். பதினைந்து டாலரும் ஒரு பை துணியுமாக நியூயார்க்குக்கு வந்தவர். பெயரிலுள்ள 'பி' எதைக் குறிக்கும் என்று கேட்போர்க்கு, "அதைக் கண்டுகொள்ளாதே" என்ற பொருளிலே விடையளிப்பார். சில்வியா 1951 இல் பிறந்தவர். தந்தை விட்டுப்போனார், மூன்று வயதிலே தாய் தற்கொலை செய்துகொண்டார், பாட்டி வளர்த்தார். முகத்திலே ஒப்பனை கண்டால் அடி, ஏச்சு. பதினொரு வயதளவிலே தெருவுக்கு வந்து, நாற்பத்திரண்டாம் தெருவின் இரவிலே வளர்ந்தார்.

இவ்விருவரும் 1970 இல் ஓர் அமைப்பைக் கண்டனர். தெருவில் வாழும் வேடமாற்றத்தார் செயற்புரட்சியாளர் என்று நீண்ட பெயர். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'ஸ்டார்', விண்மீன்! அறிக்கை எழுதி அலுவலகம் தேடவில்லை அவர்கள். முதலில் தேடியது, பிள்ளைகள் உறங்க இடம். வாகனம் நிறுத்துமிடத்திலே கேட்பாரற்றுக் கிடந்த பாரவண்டிப் பெட்டியொன்றே முதல் இல்லமாயிற்று. ஒரு நாள் உணவோடு திரும்பி வந்தபோது, வண்டி புறப்பட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அலறிக் குதிக்கின்றனர்! கேட்பாரற்ற வண்டிக்கும் உரிமையாளன் இருந்தான். கேட்பாரற்ற பிள்ளைகளுக்குத்தான் எவருமில்லை.

பின்னர், கிழக்கு இரண்டாம் தெருவிலே இடிந்த நிலையிலிருந்த கட்டடமொன்றை வாடகைக்குப் பிடித்தனர். அதுவே ஸ்டார் இல்லம். வீட்டுக்குத் தாயாக விளங்கிய இருவரின் வயது என்ன தெரியுமா? மார்ஷாவுக்கு இருபத்தைந்து. சில்வியாவுக்குப் பத்தொன்பது! பத்தொன்பது வயதிலே நம்மில் பலர் தந்தையார் அனுப்பும் மணியார்டருக்குக் காத்திருந்தோம். அந்தப் பெண்ணோ, தன்னிலும் சிறியோர்க்குத் தாயானாள். வாடகைக்குப் பணம்? மூத்தவர்கள் தெருவிலே நின்று தம் உடலை விற்று ஈட்டினர். சிறியவர்கள் அந்தத் தெருவுக்குப் போகவேண்டாம் என்பதற்காக! தாம் விழுந்த பள்ளத்திலே தம் பின்னே வருவோர் விழாதிருக்க, தம்மையே பாலமாக்கிப் போட்டனர். ஒழுக்கம் பற்றிப் பேசுவோர் இந்தக் கணக்கை எந்தப் பத்தியிலே எழுதுவார்கள்?

ஆசிரியனாகிய என் நெஞ்சைத் தொட்ட செய்தி மற்றொன்று. அந்தப் பிள்ளைகளிற் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். மாடியிலே ஒரு பள்ளி வைத்து எழுதப் படிக்கக் கற்பிக்கவேண்டும் என்பது சில்வியாவின் கனவு. கனவு கனவாகவே போயிற்று. 1971 கோடையிலே வாடகை பாக்கியால் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. ஓராண்டும் நிறையாத வீடு! தோல்வி என்பார்கள் சிலர். விதை மண்ணுக்குள் மறைவதைத் தோல்வி என்பது உழவனறியாதான் பேச்சு.

இனி நான் கூறப்போவது, இயக்கத்திலே ஈடுபட்டிருக்கும் ஒவ்வொரு இளைஞனும் உளங்கொள்ள வேண்டியது.

1973 ஜூன் 24. ஸ்டோன்வால் கிளர்ச்சியின் நினைவு நாள் ஊர்வலம் வாஷிங்டன் சதுக்கத்திலே பொதுக்கூட்டமாகக் கூடியிருக்கிறது. நான்காண்டுகளில் இயக்கம் வளர்ந்துவிட்டது. பட்டதாரிகள் வந்துவிட்டனர், வழக்கறிஞர்கள் வந்துவிட்டனர், நகரமன்றத்தாரோடு பேச்சுவார்த்தை நடக்கிறது. "நாங்களும் உங்களைப் போன்ற கண்ணியமானவர்களே" என்று ஊருக்குக் காட்டவேண்டிய வேளை. அந்த வேளையில் தெருவிலே நிற்கும் திருநங்கையர் மேடையேறினால் பெயர் கெடாதா? சில்வியாவுக்குப் பேச இடமளிக்க மறுத்தனர். முட்டி மோதி மேடையேறினார் அவர். கூட்டம் கூச்சலிட்டது. பகைவர் கூட்டமல்ல, சொந்தக் கூட்டம்! கூச்சலுக்கிடையே சில்வியா பேசியதன் சாரம்: சிறையிலே அடிபட்டும் கெடுக்கப்பட்டும் கிடக்கும் நம்மவர் வாரந்தோறும் எனக்குக் கடிதம் எழுதுகின்றனர், உங்களுக்கு எழுதவில்லை, ஏனெனில் நீங்கள் அவர்களுக்கு எதுவும் செய்யவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்றிரவு அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிழைத்தார், ஆனால் நெடுங்காலம் இயக்கத்தை விட்டு விலகினார்.

வீட்டிலிருந்து துரத்தியது குடும்பம். மேடையிலிருந்து துரத்தியது இயக்கம். எது கொடிது? முன்னதை அறியாமை என்று கூறித் தேற்றிக்கொள்ளலாம். பின்னதை என்னவென்று கூறுவது? நகர உரிமைச் சட்டத்துக்காக 1970 இலேயே தெருவில் நின்று கையெழுத்து வாங்கிக் கைதானவர் சில்வியா. அந்தச் சட்டம் 1986 இல் நிறைவேறியபோது தன்பாலீர்ப்பினர்க்குப் பாதுகாப்பு கிடைத்தது. திருநங்கையர் பெயர் அதிலில்லை. நகரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது 2002 ஏப்ரலிலே. சில்வியா இறந்தது 2002 பிப்ரவரியிலே! மாநிலச் சட்டமோ 2019 வரை இழுத்தடித்தது. "முதலில் எங்களுக்கு, பிறகு உங்களுக்கு" என்று இயக்கம் கூறும்போது, அந்தப் 'பிறகு' எத்தனை நீளமானது என்பதற்கு இதுவே அளவுகோல். மார்ஷாவும் 1992 ஜூலையில் ஹட்சன் ஆற்றிலே பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். அந்த ஆற்றங்கரையின் துறைமேடைகளிலேதான் பின்னர் சில்வியாவும் வீடின்றிச் சில காலம் வாழ்ந்தார். பிள்ளைகளுக்கு வீடு தந்தவருக்கு வீடில்லை!

எனினும், திறந்த கதவு முற்றிலும் மூடிவிடவில்லை. லாஸ் ஏஞ்சலீசிலே மாரிஸ் கைட், டான் கில்ஹெஃப்னர் ஆகியோர் முன்னின்று 1971 இல் சமூகப்பணி மையம் ஒன்றைத் தொடங்கினர். பழைய வீடொன்றிலே தொடங்கிய மையம். வீடற்ற இளைஞர்க்கு 'விடுதலை இல்லங்கள்' என்ற பெயரிலே படுக்கையும் உணவும் அளித்தது. வரிவிலக்குக் கேட்டபோது வருவாய்த்துறை முதலில் மறுத்தது. போராடி 1974 இல் பெற்றனர். அதுவே இன்று இத்துறையில் உலகிலேயே மிகப்பெரிய மையமாக வளர்ந்திருக்கிறது.

நியூயார்க்கிலே 1979 ஆம் ஆண்டு, பதினைந்து வயதுச் சிறுவனொருவன் சிறுவர் விடுதியிலே அடித்து உதைக்கப்பட்டான். அடித்தோரை விடுத்து, அடிபட்டவனை வெளியேற்றினர்! காரணம் அவன் தன்பாலீர்ப்பினன் என்பதே. செய்தி கேட்டுத் துடித்தனர் மனநல மருத்துவர் எமெரி ஹெட்ரிக்கும் கல்வியாளர் டேமியன் மார்ட்டினும். அவர்கள் தொடங்கிய அமைப்பு பின்னர் அவர்கள் பெயராலேயே ஹெட்ரிக்-மார்ட்டின் நிலையம் என வழங்கலாயிற்று. 1985 இல் அந்த அமைப்பு, தேவாலயமொன்றின் அடித்தளத்திலே, ஏறத்தாழ இருபது மாணவரோடு ஹார்வி மில்க் பள்ளியைத் திறந்தது. ஏளனத்தாலும் அடியாலும் பிற பள்ளிகளை விட்டு ஓடியவர்களே அதன் மாணவர்கள். சில்வியா மாடியிலே காண விரும்பிய பள்ளி, பதினான்காண்டு கழித்து அடித்தளத்திலே தோன்றியது!

"தனிப்பள்ளி எதற்கு? பிரித்து வைப்பது சமத்துவமா?" என்று கேட்டனர் பலர். கேள்வி நியாயமானதே. பிரிவினை தீர்வாகாது, பொதுப்பள்ளி பொதுவாக வேண்டும். ஆனால் தீப்பிடித்த வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கி வெளியே வைப்பவனிடம், "வீட்டை அல்லவா அணைக்க வேண்டும்" என்று வாதிடுவோமா? அணைப்பதும் வேண்டும், அதுவரை குழந்தை பிழைப்பதும் வேண்டும்.

கடல் கடந்த இங்கிலாந்திலும் இதே கதை. மான்செஸ்டர் நகரிலே 1989 இல், ஆல்பர்ட் கென்னடி என்ற பதினாறு வயதுச் சிறுவன், தாக்க வந்தோரிடமிருந்து தப்ப முயன்று உயர்ந்த கட்டடத்திலிருந்து விழுந்து மாண்டான். அவன் பெயரால் எழுந்த அறக்கட்டளை புதுவழியொன்றைக் கண்டது. பெரிய விடுதி கட்டுவதற்கு முன்னே, மனமொத்த குடும்பங்களைத் தேடிப் பிடித்து, துரத்தப்பட்ட பிள்ளைக்கு அவ்வீட்டிலே ஓர் அறை பெற்றுத்தந்தது. வீடிழந்தோர்க்கு வீடே மருந்து என்று உணர்ந்த செயல்!

இனி, ஒரு கொலையும் ஒரு கட்டிலும். ஆலி ஃபோர்னி 1975 இல் பிறந்தார். பதின்மூன்று வயது முதல் வீடற்றவர். நியூயார்க் தெருக்களிலே வாழ்ந்துகொண்டே, எய்ட்சு நோயிலிருந்து தப்பும் வழிகளைத் தம்மொத்த பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தார். தெருவிலே கொலையுண்ட நண்பர்களின் வழக்குகளை விசாரிக்குமாறு காவல்துறையை வற்புறுத்தினார். 1997 டிசம்பரிலே, ஹார்லெம் பகுதியில், இருபத்திரண்டு வயதிலே அவரே சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவன் பிடிபடவில்லை. இளைஞர் மையத்திலே பணியாற்றி அவரை அறிந்திருந்த கார்ல் சிசிலியானோ, 2002 ஜூனிலே அவர் பெயரால் ஒரு புகலிடத்தைத் திறந்தார். எத்தனை கட்டில்கள்? ஆறே ஆறு! தேவாலயமொன்றின் அடித்தளத்திலே ஆறு கட்டில்கள். வெளியே காத்திருந்தோர் பட்டியலோ நீண்டுகொண்டே போயிற்று.

ஆறு பெருகிற்று. 2009 இல் மறைந்த நடிகை பியா ஆர்தர், தம் உயிலிலே அந்த மையத்துக்கு 3,00,000 டாலர் எழுதிவைத்தார். பொருளாதார நெருக்கடியால் மூடும் நிலையிலிருந்த மையத்தை அந்தப் பணம் காப்பாற்றியது. அவர் பெயரால் 2017 இல் பதினெட்டுக் கட்டில்கள் கொண்ட இல்லம் திறக்கப்பட்டது. 2012 இல் புயல்வெள்ளம் மையத்தின் பகல்நேர இல்லத்தை அழித்தபோதும் மீண்டும் கட்டினர். இன்று ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்க்கு அங்கே உதவி கிடைக்கிறது.

அந்த மையம் இயங்கும் முறை கவனிக்கத்தக்கது. முதலில் எந்நேரமும் நுழையக்கூடிய கதவு: குளிக்கலாம், உண்ணலாம், மருத்துவரைக் காணலாம், எவரும் குறுக்குக்கேள்வி கேட்கமாட்டார். அடுத்து அவசரக் கட்டில், சில மாதங்களுக்கு. அதற்கடுத்து வாடகை வீடு போன்ற இல்லம், ஓரிரண்டு ஆண்டுகளுக்கு. அதற்குள் படிப்பை முடிக்கவும் வேலை தேடவும் துணை. ஏன் இத்தனை படிகள்? பசித்தவனுக்குப் பாடம் ஏறாது. உறங்காதவனுக்கு வேலை நிலைக்காது. "முதலில் திருந்து, பிறகு கட்டில்" என்பது பழைய அறநிலையங்களின் முறை. "முதலில் கட்டில், மற்றவை பிறகு" என்பதே அனுபவம் கற்பித்த முறை.

ஆய்வுகளும் இதையே பேசுகின்றன. 2012 இல் வில்லியம்ஸ் ஆய்வு நிலையம் நாடெங்கிலுமுள்ள புகலிடங்களை வினவியபோது, அங்கே வந்த வீடற்ற இளைஞருள் நூற்றுக்கு 40 பேர் தன்பாலீர்ப்பினர் அல்லது பால்மாறியோர் என்று தெரிந்தது. குடும்பம் ஏற்க மறுத்ததே முதன்மைக் காரணம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு 2017 இல் கூறியது: இவ்விளைஞர் வீடிழக்கும் வாய்ப்பு மற்ற இளைஞரைவிட இரு மடங்குக்கும் அதிகம். கெயிட்லின் ரயான் குழுவினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வோ நம்மை உலுக்குவது: குடும்பம் கடுமையாக வெறுத்தொதுக்கிய இளைஞர், வெறுப்புக்கு ஆளாகாத, அல்லது மிகக் குறைவாகவே ஆளான அவ்வினத்து இளைஞரைவிட எட்டு மடங்குக்கும் மேலாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். அதாவது, அவர்கள் இயல்பு அவர்களைக் கொல்லவில்லை, வெறுப்பே கொல்கிறது! நோய் பிள்ளையிடமில்லை, வீட்டிலிருக்கிறது. அதே ரயான் குழுவினர், மதப்பற்று மிக்க பெற்றோரோடும் பொறுமையாகப் பேசி, "உங்கள் சொல்லே உங்கள் பிள்ளையைக் கொல்கிறது" என்று எடுத்துக்காட்டி, பல குடும்பங்களை மாற்றவும் முயல்கின்றனர். கதவைத் திறப்பது ஒரு பணி. கதவை அடைக்காதிருக்கச் செய்வது அதனினும் பெரிய பணி.

பெற்றதெல்லாம் நிலைத்துவிட்டது என்று எண்ணவேண்டா. தற்கொலை எண்ணத்தில் தவிப்போர்க்கான அமெரிக்க அரசின் தொலைபேசி உதவியிலே, இவ்விளைஞர்க்கென்று தனிப்பிரிவு 2022 இல் தொடங்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகளும் செய்திகளும் அதற்கு வந்தன. 2025 ஜூலை 17 அன்று அரசு அந்தப் பிரிவை மூடிவிட்டது! நள்ளிரவிலே ஒரு குரல் தேடிய பிள்ளைக்கு, அரசு கேட்ட கேள்வி "உனக்கெதற்குத் தனிக்குரல்?" என்பது. உரிமை என்பது ஒருமுறை நட்டால் என்றும் நிற்கும் கல்தூண் அல்ல. நாள்தோறும் நீர் ஊற்றவேண்டிய பயிர்.

தோழர்களே! அறுபதாண்டு வரலாறு இது. இதிலே அரசு தொடங்கிய கதவு எத்தனை? செல்வர் தொடங்கிய கதவு எத்தனை? முதற்கதவைத் திறந்தோர், துடைப்பமேந்திய தெருப்பிள்ளைகள். பாரவண்டிப் பெட்டியிலே பிள்ளைகளை உறங்கவைத்த பத்தொன்பது வயதுத் தாய். அறிஞரும் செல்வரும் அரசும் பின்னே வந்தனர். வந்தது நன்றே. ஆனால் பின்னே வந்தோர், முன்னே நின்றோரைப் பார்த்து "நீ வந்தால் நம் கண்ணியம் குறையும்" என்றார்களே, அதுவே இவ்வரலாற்றின் கருமையான பக்கம். எந்த இயக்கத்துக்கும் அந்தப் பக்கம் ஒருநாள் எதிர்ப்படும். பதவி வரும்போது, பாராட்டு வரும்போது, பெரிய மனிதர் நம்மை அருகிலே அமரவைக்கும்போது, நம் வரிசையின் கடைசியிலே கந்தலோடு நிற்பவரைக் கண்டு நாணத் தோன்றும். அந்த நாணமே நம் இயக்கத்துக்கு விழும் முதல் விரிசல்.

நியூயார்க்கிலே ஒரு தேவாலயத்தில், வீடற்ற இளைஞர்க்கான புகலிடம் ஒன்று சில்வியாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேடையிலே அவரை மறுத்த நகரம், கட்டிலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. பெயர் சூட்டுவது எளிது. உயிரோடு இருக்கையிலே இடம் தருவதே அரிது.

நாளைக் காலை வருகைப்பதிவேட்டைத் திறப்பேன். ஒரு பெயரை அழைப்பேன். "உள்ளேன் ஐயா" என்ற குரல் வராதிருக்கும். ஓடிப்போனான் என்று எழுதி ஏட்டை மூடுவது எளிது. துரத்தப்பட்டானா என்று கேட்பது கடினம். கேட்டுவிட்டால், விடை கிடைத்துவிட்டால், கதவு ஒன்றைத் திறக்கும் கடமையும் நம் தலைமேல் வந்துவிடும். வரட்டும், கேட்போம்!